வால்டர் கிளமென்ட் நோயல்: அரிவாள் அணு ரத்தசோகையின் முதல் பதிவு – ஒரு நிகழ்வு ஆய்வு

ரத்தசோகை என்று எழுதி முடித்ததும் நோயைக் கண்டுபிடித்துவிட்டோம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. இரும்புச்சத்து மாத்திரை, ஃபோலிக் ஆசிட், பூச்சி மாத்திரை ஒன்று, மாதம் கழித்து மறுபடி வரச்சொல்லி ஒரு குறிப்பு. பெரும்பாலோருக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது, ஏனென்றால் நம் ஊரில் ரத்தசோகைக்கு முதல் காரணம் இரும்புச்சத்துக் குறைவுதான். அப்படிச் சரியாகாமல் திரும்பத் திரும்ப வருகிறவர்கள் சிலர் உண்டு. ஒரு தடவை மூட்டுவலி, இன்னொரு தடவை மஞ்சள் காமாலை, அடுத்த தடவை நிமோனியா. ஒவ்வொரு வருகைக்கும் ஒவ்வொரு பெயர் எழுதப்படும். பெயர்களை ஒன்றாக வைத்துப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது.

இந்த மாதிரி நோயாளியைப் புரிந்துகொள்ள 120 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பதிவை எடுத்துக்கொள்கிறேன். மருத்துவ இதழில் வெளிவந்த முதல் அரிவாள் அணு நோயாளி அவர். சிக்கிள் செல் என்று நாம் பேச்சில் சொல்லும் நோய்தான். கட்டுரையை எழுதிய மருத்துவர் நோயாளியின் பெயரை வெளியிடவில்லை. 1989ல் டாட் சாவிட், மார்ட்டன் கோல்ட்பெர்க் என்ற இரு ஆய்வாளர்கள் பழைய பதிவேடுகளைத் தேடி அவர் யார், எங்கிருந்து வந்தார், பிறகு என்ன ஆனார் என்று கண்டுபிடித்தார்கள். அந்தத் தேடல் இல்லாவிட்டால் நமக்குக் கிடைத்திருப்பது பாதி நோய்க்கதைதான்.

நோயாளி

வால்டர் கிளமென்ட் நோயல் 1884ல் கரீபியன் கடலிலுள்ள கிரனடா தீவில் பிறந்தார். தோட்டம் துரவு உள்ள வசதியான கறுப்பினக் குடும்பம். பக்கத்துத் தீவான பார்படோஸில் ஹாரிசன் கல்லூரியில் படித்தார். 1904 செப்டம்பரில் கப்பலேறி நியூயார்க் வந்து, அங்கிருந்து சிகாகோ போய்ப் பல்மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அப்போது வயது 20.

கணுக்காலில் ஒரு புண்ணோடுதான் அவர் அமெரிக்காவில் இறங்கினார். நியூயார்க்கில் ஒரு மருத்துவர் அயோடின் டிங்சர் தடவ, புண் ஆறியது. கால்களில் ஏற்கெனவே ஆறிப்போன பல புண்களின் வடுக்கள் இருந்தன. சிறுவயதில் யாஸ் என்ற தொற்று வந்ததாக அவரே சொன்னார். வெப்பமண்டலத் தீவுகளில் அன்று பரவலாக இருந்த நோய் அது என்பதால் கேட்டவர்களுக்கு அந்த வடுக்கள் விந்தையாகத் தோன்றவில்லை.

வெயிலில் வளர்ந்தவருக்கு அது முதல் சிகாகோ குளிர்காலம். நவம்பர் கடைசியில் இருமல் தொடங்கியது. பிறகு காய்ச்சல், மூச்சுத் திணறல், படபடப்பு, தலைசுற்றல். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பிரெஸ்பிட்டேரியன் மருத்துவமனைக்கு வந்தார். அங்கே அவரை முதலில் பார்த்தவர் எர்னஸ்ட் அயர்ன்ஸ், 27 வயதுப் பயிற்சி மருத்துவர். மேற்பார்வை ஜேம்ஸ் ஹெரிக். மாரடைப்பு வந்தவர் பிழைக்கவும் முடியும் என்று 1912ல் எழுதி இதய மருத்துவத்தில் பெயர் பெற்ற அதே ஹெரிக்தான்.

பரிசோதனையில் கண்டவை: வெளிறிய உள்ளுதடு, கண்வெள்ளையில் லேசான மஞ்சள், பெரிதான இதயம், அதில் ஒரு முணுமுணுப்பு ஒலி, உடம்பில் பல இடங்களில் நெறிகட்டு, நுரையீரல் தொற்றின் அறிகுறிகள், கால்களில் வடுக்கள். சிறுநீர் அதிகமாகப் போனது, அதன் அடர்த்தியோ குறைவாக இருந்தது.

ரத்தத்தில் ஹீமோகுளோபின் இயல்பில் 40 சதவீதம். அன்று நிறத்தை ஒப்பிட்டு அளந்தார்கள், இன்றைய கணக்கில் ஏறக்குறைய 6 கிராம். சிவப்பணுக்கள் கன மில்லிமீட்டருக்கு 25 லட்சத்து 70 ஆயிரம், அதாவது இருக்க வேண்டியதில் பாதி. வெள்ளையணுக்கள் 40,000, இயல்பைப் போல நான்கு மடங்கு.

கண்ணாடிச் சில்லில் தெரிந்தது

எண்ணிக்கையோடு நிறுத்தியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கடுமையான ரத்தசோகை, கூடவே நெஞ்சுத் தொற்று என்று எழுதி அனுப்பியிருப்பார்கள். அயர்ன்ஸ் ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவி, சாயமிட்டு, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்.

ஸ்மியர் போடுவதைப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். ஸ்லைடின் ஓரத்தில் சின்னத் துளி ரத்தம் வைத்து, இன்னொரு ஸ்லைடை 30, 40 டிகிரி சாய்வில் பிடித்து, துளியைத் தொட்டு, ஒரே வீச்சில் தள்ள வேண்டும். நல்ல ஸ்மியர் ஒரு முனையில் தடிப்பாகத் தொடங்கி மறுமுனையில் மெலிந்து நாக்கு போல முடியும். காற்றில் உலரவிட்டு லீஷ்மன் சாயத்தை ஊற்றி இரண்டு நிமிடம், மேலே இரண்டு பங்கு பஃபர் தண்ணீர் விட்டு எட்டு, பத்து நிமிடம், பிறகு கழுவல். தடிப்பான பக்கத்தில் அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடக்கும். மெலிந்த முனையில் நசுங்கித் தட்டையாகியிருக்கும். இரண்டுக்கும் நடுவே, அணுக்கள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் பரவிக் கிடக்கும் பகுதியில்தான் நோயைத் தேட வேண்டும். சிவப்பணு அங்கே வட்டமாக, நடுவில் மூன்றில் ஒரு பங்கு வெளிறித் தெரியும்.

நோயலின் ரத்தத்தில் வட்டமான அணுக்களோடு நீண்டு மெலிந்தவை, பேரிக்காய் வடிவில் ஒருபுறம் கூர்ந்தவை, பிறையாக வளைந்தவை எல்லாம் கிடந்தன. கருவுள்ள சிவப்பணுக்களும் ஏராளம். பெரியவர்களின் ரத்தத்தில் இவை இருக்கவே கூடாது. எலும்பு மஜ்ஜை அவசர அவசரமாக உற்பத்தி செய்து, முதிராத அணுக்களையே ஓட்டத்தில் தள்ளிவிடுகிறது என்று பொருள். வெள்ளையணு 40,000 என்ற கணக்கையும் இதை வைத்துச் சந்தேகிக்க வேண்டும். கருவுள்ள சிவப்பணு எண்ணும்போது வெள்ளையணுவோடு சேர்ந்துவிடும். இன்றும் பல இயந்திரங்களில் இதே குழப்பம் உண்டு, ஸ்மியர் பார்த்துத் திருத்திய பிறகே அந்த எண்ணை நம்பலாம்.

அடுத்து அவர்கள் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அணுக்கள் வளைந்து தெரிவது நோயாலா, நம் கைத்தவறாலா என்று கேட்டுக்கொண்டார்கள். ஸ்மியர் இழுக்கும்போது அழுத்தம் கூடினாலும், சரியாக உலராவிட்டாலும் அணுக்கள் கோணிக்கொள்ளும். வெவ்வேறு நாளில் புதிதாக ரத்தம் எடுத்தார்கள், சாயம் மாற்றிப் பார்த்தார்கள், சாயமே இல்லாத ஈர ரத்தத்திலும் பார்த்தார்கள். பிறைகள் அப்படியே இருந்தன. இதைச் சரிபார்க்க இன்று மாணவர்களுக்குச் சொல்லித்தரும் எளிய வழி ஒன்று உண்டு: கூர்முனைகள் எல்லாம் ஒரே திசையைப் பார்த்தால் அது ஸ்மியர் இழுத்ததால் வந்தது, ஆளுக்கொரு திசையில் கிடந்தால் நோய்.

அன்றைய முடிவு

ஹெரிக் கொக்கிப்புழு, சிபிலிஸ், சிறுநீரகக் கோளாறு என்று ஒவ்வொன்றாக எடைபோட்டார். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு அறிகுறிக்குப் பொருந்தியது, எதுவும் முழுப்படத்துக்குப் பொருந்தவில்லை. ஓய்வு, சத்தான சாப்பாடு, அயோடின் கலந்த இரும்புச்சத்து சிரப் என்று சிகிச்சை தந்தார்கள். ஒரு மாத அளவில் நோயல் தேறினார். எண்ணிக்கைகள் ஏறின, பிறைகள் குறைந்தன.

1910 நவம்பரில்தான் ஹெரிக் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். நோய்க்கு அவர் பெயர் வைக்கவில்லை. இதே மாதிரி ரத்தம் வேறு யாரிடமாவது காணப்பட்டால்தான் விடை தெரியும், அதுவரை கேள்வி திறந்தே இருக்கட்டும் என்ற பொருள்பட முடித்தார். தெரியாத இடத்தில் ஒரு பெயரை ஒட்டிவைக்காமல் விட்டது பெரிய காரியம் என்றே நினைக்கிறேன். அடுத்த ஆண்டே வர்ஜீனியாவிலிருந்து இரண்டாவது நோயாளியைப் பற்றிய பதிவு வந்தது. 1922ல் வெர்ன் மேசன் நோய்க்கு இன்றைய பெயரைத் தந்தார்.

நோயல் அதற்குள் சிகாகோவை விட்டே போய்விட்டார். படித்துக்கொண்டிருந்த இரண்டரை ஆண்டுகளில் பலமுறை நோய்வாய்ப்பட்டார். தசைவாதம் என்று ஒரு தடவை எழுதப்பட்டது, பித்தம் என்று ஒரு தடவை. 1907ல் பட்டம் பெற்று ஊர் திரும்பி, கிரனடாவின் தலைநகர் செயின்ட் ஜார்ஜஸில் பல்மருத்துவராகத் தொழில் நடத்தினார். 1916ல் நிமோனியாவில் இறந்தார். வயது 32.

இன்று அதே குறிப்பேட்டைப் படித்தால்

சரி, இந்தக் குறிப்புகள் இப்போது ஒரு மருத்துவர் மேசைக்கு வந்தால் எப்படிப் படிப்பார்?

அரிவாள் அணு நோயில் கோளாறு ஹீமோகுளோபின் புரதத்தில் இருக்கிறது. அதன் பீட்டா சங்கிலியின் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும், அங்கே வாலின் என்ற இன்னொரு அமினோ அமிலம் இருக்கிறது. வெர்னன் இங்க்ராம் 1956ல் தொடங்கிய ஆய்வில் இதைக் காட்டினார். ஒரு மரபணுக் கோளாறு ஒரு புரதத்தில் எந்த இடத்தை மாற்றுகிறது என்று துல்லியமாகத் தெரிந்தது அதுவே முதல்முறை. அதற்கு முன்பே 1949ல் லைனஸ் பாலிங் குழுவினர் இந்த ஹீமோகுளோபின் மின்புலத்தில் வேறு வேகத்தில் நகர்கிறது என்று நிறுவியிருந்தார்கள். மாறிய ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இழக்கும்போது ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகிறது, அணு வளைந்து விறைக்கிறது. ஆக்சிஜன் கிடைத்ததும் பெரும்பாலான அணுக்கள் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். பலமுறை வளைந்து நிமிர்ந்த அணு பிறகு நிமிராது. இயல்பான சிவப்பணு 120 நாள் வாழும். இதுவோ 10 முதல் 20 நாளில் உடைந்துவிடும்.

இப்போது நோயலின் உடம்பைப் பாருங்கள். அணுக்கள் சீக்கிரம் உடைவதால் ரத்தசோகை, உடைந்த அணுவிலிருந்து வந்த பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியால் கண்ணில் மஞ்சள். குறைந்த ரத்தத்தை ஈடுகட்ட இதயம் வேகமாகவும் பலமாகவும் இறைக்கிறது, ஆண்டுக்கணக்கில் அப்படி உழைத்துப் பெரிதாகிவிட்டது. விறைத்த அணுக்கள் நுண்குழாய்களை அடைக்கின்றன. கணுக்காலில் ரத்த ஓட்டம் மெலிந்த இடம் புண்ணாகும், ஆறினாலும் மறுபடி வரும். சிறுநீரகத்தின் உட்பகுதி இயல்பிலேயே ஆக்சிஜன் குறைந்த இடம். அங்கே அடைப்பு வந்தால் சிறுநீரைச் சுண்டவைக்கும் திறன் முதலில் போகும். அடர்த்தி குறைந்த சிறுநீர் நிறையப் போனதற்கு அதுதான் காரணம். தசைவாதம் என்று எழுதப்பட்டது எலும்பில் ரத்தம் அடைபட்டதால் வந்த வலியாக இருந்திருக்கும். பித்தம் என்று எழுதப்பட்டது கல்லீரலில் அணுக்கள் தேங்கியதாலோ, இந்த நோயில் இளவயதிலேயே வரும் பித்தப்பைக் கற்களாலோ வந்திருக்கலாம்.

இருமலும் காய்ச்சலும் மூச்சுத் திணறலுமாக வந்த அந்த முதல் அனுமதிக்கு இன்றைய பெயர் அக்யூட் செஸ்ட் சிண்ட்ரோம். நுரையீரலில் தொற்று, அதனால் ஆக்சிஜன் குறைவு, அதனால் மேலும் அணுக்கள் வளைவது, அதனால் மேலும் அடைப்பு. பெரியவர்களில் இந்த நோய் உயிரைப் பறிக்கும் முக்கிய வழிகளில் அது ஒன்று. 1904ல் அதில் தப்பியவர் 1916ல் பெரும்பாலும் அதிலேயே போயிருப்பார்.

நோய்களின் பட்டியல் போலத் தெரிந்த அத்தனையும் ஒரே புரதத்தின் ஒரே மாற்றத்தில் வந்து சேர்கின்றன. ஹெரிக்கிடம் அந்த விளக்கம் இருக்கவில்லை, இருந்திருக்கவும் முடியாது. நம்மிடம் இருக்கிறது. இருந்தும் நோயாளிகள் இன்னும் வாதம், காமாலை, நிமோனியா என்று தனித்தனிச் சீட்டுகளோடு அலைகிறார்கள் என்பதுதான் எனக்கு ஆதங்கம்.

நீலகிரிக்கும் இதற்கும்

முதல் சில நோயாளிகள் எல்லாரும் ஆப்பிரிக்க வம்சாவளியினர் என்பதால், இது கறுப்பின மக்களுக்கே உரிய நோய் என்ற எண்ணம் அமெரிக்க மருத்துவத்தில் வேரூன்றிவிட்டது. மற்றவர்களின் ரத்தத்தில் தெரிந்தால்கூட முன்னோரில் ஆப்பிரிக்கர் இருந்திருப்பார் என்றே எழுதினார்கள். அதை அசைத்த சான்றுகளில் ஒன்று நம் நீலகிரியிலிருந்து போனது. 1952ல் ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷ்ஷும் அங்குள்ள இருளர், குறும்பர், பணியர் முதலிய பழங்குடி மக்களிடையே அரிவாள் அணுப் பண்பு (நோய் இல்லாமல் மரபணுவை மட்டும் சுமக்கும் நிலை) இருப்பதை வெளியிட்டார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் கண்டறியப்பட்டது. 1954ல் ஆன்டனி அலிசன் காரணத்தைச் சொன்னார்: தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த மரபணுவைப் பெற்றவர்களுக்குக் கடும் மலேரியாவிலிருந்து பாதுகாப்பு கிடைக்கிறது. ஆக, இது மலேரியா நெடுங்காலம் இருந்த நிலங்களின் நோய். பிறகு வந்த மரபணு ஆய்வுகள் இந்திய, அரேபிய வகை ஆப்பிரிக்க வகைகளிலிருந்து தனியாகத் தோன்றியது என்று காட்டின.

மத்திய இந்தியா, ஒடிசா, குஜராத், வயநாடு, நீலகிரி என்று பழங்குடி நிலங்களில் இது பரவியிருக்கிறது. 2023 ஜூலை 1ல் மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கப்பட்ட தேசிய அரிவாள் அணு ஒழிப்பு இயக்கம், 40 வயது வரையிலான 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது என்ற இலக்கோடு நடக்கிறது. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி பக்கத்திலிருந்து ஒருவர் கோயம்புத்தூருக்கோ மேட்டுப்பாளையத்துக்கோ கடும் எலும்புவலியோடு வந்தால், ஊர் எது, சமுதாயம் எது என்று கேட்பது நோய்க்கணிப்பின் ஒரு பகுதி. தயங்காமல், மரியாதையாகக் கேட்க வேண்டும்.

கண்டறிவது

குழந்தைக்கு ஆறு மாதம் வரை ஒன்றும் தெரியாது. கருவில் இருந்தபோது உருவான ஹீமோகுளோபின் எஃப் பாதுகாக்கிறது. பிறகு கைவிரல்களும் கால்விரல்களும் வீங்கி, தொட்டாலே குழந்தை அலறும். பெரும்பாலும் அதுதான் முதல் அடையாளம். பிறகு அடிக்கடி காய்ச்சல், பெரிதாகும் மண்ணீரல், வளர்ச்சி குறைவு, வலி.

சாதாரண ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7, 8 கிராம் என்று நிற்கும், ரெட்டிகுலோசைட் (மஜ்ஜையிலிருந்து புதிதாக வந்த இளம் சிவப்பணு) எண்ணிக்கை ஏறியிருக்கும். இந்த இரண்டாவது எண்தான் பாதையைப் பிரிக்கிறது. இரும்புச்சத்து இல்லாமலோ பி12 இல்லாமலோ வரும் சோகையில் மஜ்ஜைக்குச் சரக்கு இல்லை, ரெட்டிகுலோசைட் ஏறாது. அணு உடைவதால் வரும் சோகையில் மஜ்ஜை முழு மூச்சாக வேலை செய்கிறது, அதனால் ஏறும். செலவு அதிகமில்லாத பரிசோதனை இது. ரத்தசோகைக்குக் காரணம் புரியாத ஒவ்வொருவருக்கும் எழுதப்பட வேண்டியது, எழுதப்படுவது குறைவு.

ஸ்மியரில் ஏமாறும் இடம் ஒன்று. இரும்புச்சத்துக் குறைவிலும் நீண்ட அணுக்கள் வரும். பென்சில் அணு என்போம். அவை வெளிறி, இருபக்க விளிம்பும் இணையாக ஓடும், முனைகள் மழுங்கியிருக்கும். அரிவாள் அணு அடர்நிறத்தில், நடுவெளிறல் இல்லாமல், இரு முனையும் கூர்ந்து வளைந்திருக்கும். ஹீமோகுளோபின் குறைவாக உருவாகும் பரம்பரை நோயான தலசீமியாவில் அணுக்கள் சிறுத்து, நடுவில் புள்ளி வைத்த இலக்கு அணுக்கள் தெரியும். பி12 குறைவில் சிவப்பணு பெருத்து முட்டை வடிவாகும், வெள்ளையணுவின் கரு ஐந்தாறு மடலாகப் பிரிந்திருக்கும். அதிலும் கண் லேசாக மஞ்சளாகும் என்பதால் குழப்பம் வரும். ஒரே ஆளிடம் இரண்டு சேர்ந்தும் இருக்கும். ஒரு பெற்றோரிடமிருந்து அரிவாள் மரபணுவும் மற்றவரிடமிருந்து பீட்டா தலசீமியா மரபணுவும் வாங்கியவருக்கு நோய் அரிவாள் அணு நோயாகவே வெளிப்படும், அணுக்கள் மட்டும் சிறியதாக இருக்கும்.

ஸ்மியரில் பிறை இல்லை என்பதால் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. நோயலுக்கே தேறியதும் பிறைகள் குறைந்தன. அதனால் அணுவை வளைய வைத்துப் பார்க்க வேண்டும். 1917ல் விக்டர் எம்மெல் ஒரு துளி ரத்தத்தை மூடி அடைத்து வைத்துப் பார்த்தார். உள்ளே ஆக்சிஜன் தீரத் தீர அணுக்கள் வளைந்தன. நோயாளியின் தந்தை நன்றாக இருந்தவர், அவருடைய அணுக்களும் வளைந்தன. நோய் இல்லாமல் பண்பு மட்டும் உள்ளவர்கள் உண்டு என்பதற்கு முதல் தடயம் அதுதான். இன்றும் ஆக்சிஜனை நீக்கும் சோடியம் மெட்டாபைசல்பைட் சேர்த்து, கவர் ஸ்லிப்பின் ஓரத்தை வாஸ்லினால் அடைத்துப் பார்க்கும் முறை சின்ன ஆய்வகங்களில் இருக்கிறது.

களத்தில் பரவலாகச் செய்வது கலங்கல் சோதனை. மருந்துக் கரைசலில் ரத்தம் சேர்த்துக் குழாய்க்குப் பின்னால் கோடு போட்ட அட்டையைப் பிடிக்கிறோம். கோடுகள் தெரிந்தால் இல்லை, மறைந்தால் அரிவாள் ஹீமோகுளோபின் உண்டு. இதில் மூன்று எச்சரிக்கை. பண்பு உள்ளவருக்கும் நோய் உள்ளவருக்கும் ஒரே மாதிரிதான் கலங்கும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு நோய் இருந்தாலும் கலங்காமல் போகலாம். கடுமையான ரத்தசோகையிலும், அண்மையில் ரத்தம் ஏற்றியவரிடமும் தவறான விடை வரலாம். உறுதி செய்ய எச்.பி.எல்.சி. வேண்டும், அது ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துச் சதவீதம் தரும். பண்பு மட்டும் உள்ளவரிடம் அரிவாள் ஹீமோகுளோபின் பாதிக்குக் கீழே இருக்கும், இயல்பானதே கூடுதல். நோய் உள்ளவரிடம் பெரும்பகுதி அரிவாள் வகைதான். ரத்தம் ஏற்றுவதற்கு முன்பே மாதிரி எடுத்துவிட வேண்டும். அவசரத்தில் இதை மறந்துவிட்டால் மாதக்கணக்கில் நோயை உறுதி செய்ய முடியாது.

சிகிச்சை

நோயலுக்குக் கிடைத்ததில் ஓய்வும் சாப்பாடும் சரி. இரும்புச்சத்து இன்று அப்படித் தரப்படாது. இந்த நோயாளியின் உடைந்த அணுக்களிலிருந்து இரும்பு உடம்புக்குள்ளேயே திரும்புகிறது, அடிக்கடி ரத்தம் ஏற்றியவர்களுக்கு மிச்சமாகவே சேர்ந்திருக்கும். உடம்பில் சேர்ந்துள்ள இரும்பின் அளவைக் காட்டும் ஃபெரிட்டின் பார்த்துக் குறைவு என்று தெரிந்தால் மட்டும் கொடுக்கலாம். ஃபோலிக் ஆசிட் தரலாம்.

நெஞ்சுத் தொற்றோடு வருகிறவருக்கு உடனே ஆன்டிபயாடிக், குறைந்திருந்தால் ஆக்சிஜன், அளவான திரவம், வலிக்கு மருந்து. நிலைமை மோசமானால் ரத்தம் ஏற்றுவது, அல்லது நோயாளியின் ரத்தத்தை எடுத்துவிட்டு மாற்றுவது. ஹீமோகுளோபினை 10 கிராமுக்கு மேல் ஏற்றிவிடக் கூடாது, ரத்தம் தடித்து அடைப்பு கூடும்.

வலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த நோயின் வலி வெளியே தெரியாது. வீக்கம் இருக்காது, எக்ஸ்ரேயில் ஒன்றும் இருக்காது, நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஓரளவு சரியாகவே இருக்கும். நீண்ட நாள் பழகியவர்கள் கத்தவும் மாட்டார்கள், சுருண்டு படுத்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதைப் பார்த்து நடிக்கிறான், ஊசிக்கு அடிமையாகிவிட்டான் என்று முடிவு கட்டுவது கொடுமை. எலும்புக்குள் ரத்தம் போகாமல் திசு சாகும் வலி அது. நோயாளி எவ்வளவு என்கிறாரோ அவ்வளவுதான் வலி. பாராசிட்டமாலில் தொடங்கி, தேவையானால் மார்ஃபின் வரை தாமதிக்காமல் போக வேண்டும். சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்கு டைக்ளோஃபினாக் வகை மருந்துகளைத் தவிர்ப்பது நல்லது.

வருமுன் காப்பதில்தான் உண்மையான மாற்றம் வந்தது. பிறந்த இரண்டு மூன்று மாதத்திலிருந்து ஐந்து வயது வரை தினமும் பென்சிலின். மண்ணீரல் செயலிழந்த இந்தக் குழந்தைகளை நிமோகாக்கஸ் கிருமி மணிக்கணக்கில் கொன்றுவிடும். பென்சிலின் அந்தத் தொற்றைப் பெருமளவு குறைக்கிறது என்று 1986ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. கூடவே தடுப்பூசிகள். வயிற்றின் இடப்பக்கம் மண்ணீரலைத் தொட்டுப் பார்க்கத் தாய்க்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். திடீரென்று பெரிதாகிக் குழந்தை வெளிறினால் ரத்தம் அதற்குள் தேங்குகிறது, அன்றே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

அப்புறம் ஹைட்ராக்ஸியூரியா. சில ரத்தப் புற்றுநோய்களுக்குக் கொடுத்துவந்த பழைய மருந்து. ஹீமோகுளோபின் எஃப் அளவைக் கூட்டுகிறது, அது இழைகள் உருவாவதைத் தடுக்கிறது. வலித் தாக்குதல்களை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது என்று 1995ல் வெளிவந்த ஆய்வு சொன்னது. ரத்தம் ஏற்றும் தேவையும் குறைகிறது. கிலோவுக்கு 10 முதல் 20 மில்லிகிராம் அளவில் தொடங்கி, வெள்ளையணு, தட்டணு எண்ணிக்கையைக் குறித்த இடைவெளியில் பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டும். கருத்தரிக்கத் திட்டமிடுகிறவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் பேச வேண்டும். புற்றுநோய் மாத்திரை என்று கடைக்காரர் சொன்னதைக் கேட்டு பயந்து நிறுத்துகிறவர்கள் உண்டு. முதல் நாளே பத்து நிமிடம் உட்கார்ந்து விளக்கினால் இதைத் தவிர்க்கலாம்.

எலும்பு மஜ்ஜை மாற்று, பொருந்தும் உடன்பிறப்பு இருந்தால், நோயை முழுமையாகக் குணப்படுத்தும். 2023 கடைசியில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறையிலான மரபணு சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது. அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். கூடலூர் மலைக்கிராமத்துக்கு அது வந்து சேரும்வரை, மாதாமாதம் தட்டுப்பாடில்லாமல் ஹைட்ராக்ஸியூரியா கிடைப்பதுதான் பெரிய சிகிச்சை.

பண்பு மட்டும் உள்ளவர் நோயாளி அல்ல, மருந்தும் வேண்டாம். பண்பு உள்ள இருவர் மணந்தால் ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு நோய்க்கு வாய்ப்பு. இதைச் சொல்லும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பரிசோதனை முடிவு பெண்ணின் கல்யாணத்தை நிறுத்தும் ஆயுதமாகிவிடக் கூடாது. ஆண், பெண் இருவரையும் உட்காரவைத்து, கருவுற்ற 10, 12 வாரத்திலேயே சிசுவைப் பரிசோதிக்க வழி இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நோய் உள்ளவர்களுக்கு 2016ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம் உண்டு, சான்றிதழ் பெறலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

தேசிய இயக்கத்தில் பரிசோதனை செய்துகொண்டவர்களுக்கு ஓர் அட்டை தருகிறார்கள். நோய் உள்ளவரின் அட்டையில் இன்னும் நான்கு விவரங்களை மருத்துவர் கையால் எழுதிக்கொடுத்தால் நல்லது: நன்றாக இருக்கும் நாளில் அவருடைய ஹீமோகுளோபின் எவ்வளவு, ரத்தப்பிரிவு என்ன, ஹைட்ராக்ஸியூரியா எத்தனை மில்லிகிராம், முந்தைய வலிக்கு எந்த மருந்து எந்த அளவில் கேட்டது. வழக்கமாக 7.5 கிராமில் இருப்பவரை நள்ளிரவில் புதிதாகப் பார்க்கும் மருத்துவர் அந்த எண்ணைக் கண்டு பதறித் தேவையில்லாமல் ரத்தம் ஏற்றாமல் இருக்க, முதல் விவரம் ஒன்றே போதும்.